தராசுப் பலகையின் ஓரம்

எங்கள் கடை லிந்துலை பஜாரில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவில் மூட்டை அடுக்குகிற அறை. அந்த அறையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று உண்டு. தரையை ஒட்டி ஒரு பலகை, அதன் தலைப்பில் இரும்புத் தூண், தூணின் மேலே குண்டைத் தள்ளி எடை பார்க்கிற சட்டம். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் பயிரிட்டுக் கொண்டுவருகிற லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் அதில்தான் ஏறும். இரண்டு வருடம் நானும் ஏறினேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. வாரத்துக்கு இரண்டு தடவை நுவரெலியாவுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். போகும்போது மனிதராகப் போய், வரும்போது பிழிந்த துணியாக வருவார். என் ரத்தம் அவருக்குச் சேரும் என்றார்கள். அவருடைய அண்ணனுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, எங்கள் மகளோ பள்ளிக்கூடப் பிள்ளை. ஆகவே சிறுநீரகம் கொடுக்க வேண்டியவள் நான்தான். அதில் எனக்கு ஒரு நிமிட யோசனையும் இருக்கவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா அவருடைய கோப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பர அடு கரண்ட ஓன" என்றார். சொன்னது விளங்கவில்லையோ என்று என் இடுப்பைச் சுற்றிக் கையால் காற்றில் ஒரு வட்டமும் போட்டுக் காட்டினார். உடம்பு எடையைக் குறைக்க வேண்டுமாம். பஜாரில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் விளங்காதா? சொன்னதை அன்றைக்கே ஏற்றுக்கொண்டேன். அந்த வட்டத்தைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நான் கல்யாணத்துக்கு முன்பே பருமன். அதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. கடைக்கார வீட்டுப் பெண் மெலிந்தால் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஊர் பேசும். இப்போது அந்தச் சதைதான் அவருக்கும் என் சிறுநீரகத்துக்கும் குறுக்கே நின்றது. பதினைந்து கிலோ குறைந்தால் மேற்கொண்டு சோதனை செய்வார்கள். குறையாவிட்டால் பேச்சே இல்லை.

நடக்கத் தொடங்கினேன். விடிந்தும் விடியாத பனியில் தோட்டத்து ரோட்டில் ஏறி, தேயிலை ஃபெக்டரி வரை போய்த் திரும்புவேன். வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குக் கொழுந்துக்காரப் பெண்கள் போகிற நேரமும் அதுதான். "நாங்க கூடையத் தூக்கிக்கிட்டு ஏறுறோம், முதலாளியம்மா சும்மாவே இம்புட்டையும் தூக்கிக்கிட்டு ஏறுறாங்க" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மூச்சுதான் வரவில்லை.

வீட்டில் சோறு பாதியாயிற்று. தேங்காய் ரொட்டியை நிறுத்தினேன். ஆனால் முதலில் போனது தேத்தண்ணிதான். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று கணக்கு. அதற்கு மேல் குடித்தால் காலில் இறங்கி வீங்கும், நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். இந்தக் குளிரில், சுற்றிவரத் தேயிலை நிற்கிற ஊரில், ஒரு மனிதர் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிக் கோப்பையை எடுப்பது? அவர் கேட்கவும் இல்லை. நான் கோப்பையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறப்பதற்கு முன் இருவரும் தராசில் ஏறுவோம். அவருக்குத் தண்ணீர் கூடியிருக்கிறதா என்று நான் பார்ப்பேன். எனக்குக் குறைந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே தூணுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். அவர் பின்னால் நின்று குண்டைத் தள்ளி எடையைச் சொல்வார். முதல் சில மாதங்கள் நன்றாகக் குறைந்தது. குறைந்த அன்று இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இருப்போம்.

பிறகு மாமியார் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு வடை சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, அவர்களோடு உட்கார்ந்து நானும் தின்று, காரியமெல்லாம் முடிந்தபோது குறைத்ததில் பாதி திரும்ப வந்துவிட்டது. முழங்காலும் வீங்கியது. அழுதுவிட்டு மறுபடி ரோட்டில் ஏறினேன். அது பெரிய விஷயமில்லை. விழுந்தால் எழும்பலாம். எழும்பி ஓடியும் இருந்த இடத்திலேயே நின்றால் என்ன செய்வது? அதற்குப் பிறகு நடந்தது அதுதான்.

"அப்படியேதான் இருக்கு" என்பார் ஒரு ஞாயிறு. மறு ஞாயிறு, "ஒரு கிலோ கூடிருக்கும்மா" என்பார். சோற்றை இன்னும் குறைத்தேன். மாலையிலும் நடந்தேன். மழையில் நடந்து அட்டைக்கடியோடு வீடு வந்தேன். தராசு அசையவில்லை. ரவிக்கை தொளதொளத்தது உண்மை. துவைத்துத் துவைத்துத் துணி இளகிவிட்டது என்றே நினைத்தேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் ரவிக்கையை நம்பியிருப்பாள். எனக்குக் கடைக்காரி புத்தி. கண் சொன்னாலும் கை சொன்னாலும் கேட்க மாட்டேன், தராசு சொன்னால்தான் எடை.

ஒரு நாள் நடையை விட்டேன். அன்று அவரே பக்கத்து ஹோட்டலில் பரோட்டாவும் குழம்பும் வாங்கிவந்து முன்னால் வைத்தார். "சாப்புடும்மா. ஒடம்பு வாக்கு அப்படி, நீ என்ன பண்ணுவ" என்றார். அவரைக் காப்பாற்ற முடியாதவள் என்று அழுதுகொண்டே சாப்பிட்டேன். மூன்று மாதம் நான் ரோட்டுப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய கிளினிக்குக்காகக் கண்டிக்குப் போனோம். போவதற்கு முந்திய ஞாயிறு எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை தராசில் ஏறியிருந்தேன். ஆஸ்பத்திரித் தராசு அதைவிட ஏழு கிலோ குறைவாகக் காட்டியது. டொக்டரம்மா என் தோளைத் தட்டி, இன்னும் கொஞ்சம்தான், விட்டுவிடாதீர்கள் என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கள் தராசு கெட்டுவிட்டது, இத்தனை நாள் வாங்கின மரக்கறியெல்லாம் என்னவாயிற்றோ என்றுதான் பயம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் பிரிக்காத அரிசி மூட்டை ஒன்றை இழுத்துப் பலகையில் ஏற்றினேன். மூட்டையில் அடித்திருந்த எடையும் தராசு காட்டிய எடையும் ஒன்றாக இருந்தன.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றேன். அவர் குண்டைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பிக் கீழே பார்த்தேன். பலகையின் ஓரத்தில் அவருடைய வலது கால் இருந்தது. தண்ணீர் கோர்த்து வீங்கி, ரப்பர் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கிய கால். நோகிற அந்தக் காலைப் பலகையில் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார்.

பஜாரில் இது பழைய களவு. தோட்டத்து ஆட்களுக்குச் சாமான் நிறுத்துக் கொடுக்கும்போது பலகையில் கால் விரலை வைக்கிறவர்கள் உண்டு. அப்படி வைத்த வேலையாள் ஒருவனை இவர் அந்த நிமிடமே கடையை விட்டு இறக்கியிருக்கிறார். அவனுக்காகப் பேசப் போய் நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்த மனிதர்தான் இப்போது காலை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"அம்மா போனதுக்கப்பறம்தான்" என்றார். "ஒன்னையும் அறுத்து, ஒனக்கும் ஏதாச்சும் ஒன்னு ஆயிருச்சுன்னா புள்ளைக்கு யாரு இருக்கா? ரெண்டு பேத்துல ஒருத்தராவது முழுசா இருக்கணும்."

"அத எங்கிட்ட வாய்விட்டுச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும். அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இருட்டோடு எழும்பி ரோட்டில் ஏறினேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தூணைப் பார்த்து நின்று, குண்டை நானே தள்ளினேன். அவர் சுவரோரமாக முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மட்டும், "மூஞ்சி சின்னதாப் போச்சு" என்றார்.

பதினைந்து கிலோவும் குறைந்தது. கண்டியில் எனக்குச் சோதனைகள் செய்யத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்கு முன் அடைமழை பிடித்தது. நுவரெலியா ரோட்டில் மண் சரிந்து வாகனங்கள் நின்றுவிட்டன. ஒரு தடவை அவருக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போக முடியவில்லை. அடுத்த தடவைக்கு வழி திறந்தார்கள். நெஞ்சில் தண்ணீர் ஏறி மூச்சுக்குத் தவித்தவரை வேனில் ஏற்றி என் மடியில் சாய்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவர் இல்லை.

இறந்துபோன மனிதர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் கோபப்பட்டேன், இன்றும் படுகிறேன். பலகையில் அந்தக் கால் இல்லாமல் இருந்திருந்தால் நான் நடையை விட்டிருக்க மாட்டேன். அந்த மூன்று மாதம் கையில் இருந்திருந்தால் மழைக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்குமோ என்னவோ. யாரிடம் கேட்பது? பதில் சொல்ல வேண்டியவரைக் கொண்டுபோய் எரித்தாயிற்று.

அப்புறம் எதற்குச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும்? சோறு, ரொட்டி, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி என்று கண்டதையும் உள்ளே தள்ளினேன். பசியில் தின்னவில்லை. அந்த உடம்பு யாருக்கும் வேண்டாத சரக்காகக் கிடந்தது, அதை என்ன செய்தால் என்ன என்றிருந்தேன். கொழுந்துக்காரப் பெண்கள் கடைக்கு வந்தால் கேலி பேசுவதில்லை. வேண்டிய சாமானைச் சொல்லிவிட்டு, குனிந்த தலையோடு போய்விடுவார்கள். அதற்கு அவர்கள் கேலியே பேசியிருக்கலாம்.

வருடம் திரும்புவதற்குள் கால் மரத்தது, கண் மங்கியது. சோதித்ததில் எனக்கும் சீனி வருத்தம் என்றார்கள். இப்படியே விட்டால் உங்களுக்கும் கிட்னிதான் போகும் என்று அங்கிருந்த டொக்டர் சாதாரணமாகச் சொன்னார். கூட வந்த மகள் பஸ்ஸில் வழிநெடுக என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றக்கூட விடாமல் மூட்டை அறைக்குக் கூட்டிப்போனாள். "ஏறுங்கம்மா" என்றாள். பழைய பயம், தூணுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன். அவள் பின்னால் போய்க் குண்டைத் தள்ளினாள். தள்ளினாள், இன்னும் தள்ளினாள். எடையைச் சொன்னாள். குறைத்தது அத்தனையும் வந்து, அதற்கு மேலும் வந்திருந்தது.

திரும்பிக் கீழே பார்த்தேன். அவளுடைய இரண்டு கால்களும் தரையில் இருந்தன. பலகையின் ஓரத்தில் ஒன்றும் இல்லை.

"என்னம்மா தேடுறீங்க?"

"ஒன்னுமில்ல" என்றேன். சொன்ன எடை முழுவதும் என்னுடையதுதான். அதில் ஒரு கிலோவாவது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று அந்த வெறும் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இனி முழுசாக இருக்க வேண்டிய ஒருத்தி நான்தான்.

பலகையிலிருந்து இறங்கினேன். "காலையில பெரட்டு நேரத்துக்கு என்னய எழுப்பி விடு" என்றேன்.