முத்தியேயில் கூசாமல் சொன்ன "ஓம்"

1987 சித்திரையில் ஒரு ஞாயிறு, சுவிஸில் நான் இருந்த நொஷாட்டலிலிருந்து முத்தியே என்ற சிறு நகரத்துக்குப் போனேன். மூன்று நாள் முன்புதான் பேர்ணில் என் அகதி விசாரணை முடிந்திருந்தது. அறைக்குள் கிடந்தால் விசர் பிடிக்கும் என்று இழுத்துப் போனவர் குணம் அண்ணை. என்னோடு ஒரே உணவகச் சமையலறையில் வேலை, பிரெஞ்சும் தெரியும்.

காலை 8.12க்கு ரயில். பீலில் மாற வேண்டும், பதினெட்டு நிமிடம் காத்திருப்பு. போக வர இருபத்திரண்டு பிராங்க். 9.50க்கு முத்தியே.

வெளியே வந்தால் சுவரெல்லாம் பெயிண்ட் எழுத்து.

"என்ன அண்ணை எழுதிக் கிடக்கு?"

"ஜூராவுக்கு, இந்தப் பிரெஞ்சுப் பக்கத்துக்கு, விடுதலையாம். பேர்ண் மாநிலத்தை விட்டுப் பிரியவேணுமாம்."

கோப்பிக் கடையில் பரிமாறிய அம்மா மிச்சத்தைச் சொன்னார், அண்ணை தமிழாக்கினார். பன்னிரண்டு வருடம் முன்பு வாக்கெடுப்பு வைத்து, கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் பேர்ணோடேயே இருப்பதென்று முடிவாம். தோற்றவர்கள் முடங்கவில்லை. பிரிவினைக் கட்சிகளுக்கு ஆதரவு கூடி, இப்போது நகரசபையே அவர்கள் கையில்.

"அவவும் பிரிவினைவாதியோ எண்டு கேளுங்கோ."

கேட்டார். அம்மா கோப்பியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஓம், வேறை என்னவாம்," என்றார் அண்ணை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேர்ணில் அதிகாரி கேட்டதும் அதே சொல்தான். "நீர் பிரிவினைவாதியோ?" என்று மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்த்தார். ஓம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் முதலே எச்சரித்திருந்தார்கள். 77இல் இலங்கைத் தேர்தலில், தனிநாடு கேட்ட கட்சிக்கு வெயிலில் வரிசையில் நின்று புள்ளடி போட்டவன் நான். "இல்லை" என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன்.

இங்கே பிரிவு கேட்டால் நகரசபை. அங்கே கேட்டதற்கு எங்கள் வீட்டை எரித்தார்கள், பிறகு அப்படிக் கேட்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தப்பி வந்த இடத்திலும் அந்தச் சொல்லுக்கு நான் பயந்து முழுசவேண்டுமோ? என்ன நியாயம் இது என்று உரத்தே கேட்டுவிட்டேன்.

"கத்தாதை, சனம் பாக்குது," என்றார் அண்ணை. பார்க்கட்டும் என்றேன்.

போகிறவர்களுக்கு: நிலையத்திலிருந்து பழைய நகரம் பத்து நிமிட நடை. ஞாயிறில் கோப்பிக் கடை தவிர மற்றதெல்லாம் பூட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அந்த ஊர் பிந்தி இன்னொரு வாக்கெடுப்பில் வென்று, பேர்ணை விட்டுப் போயேவிட்டது. கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷத்தோடு எரிச்சலும் வந்தது. எனக்கும் வதிவிட அனுமதி கிடைத்துக் கனகாலம். என் விசாரணைத் தாள் மட்டும் பேர்ணில் எங்கோ ஒரு அலுமாரியில் கிடக்கும், "இல்லை" என்பதன் கீழே என் கையெழுத்தோடு.