சொல்லாமல் விட்ட மாத்திரை

பிள்ளைகளே, போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் "நல்லாத்தான் கீறேன்" என்று சொன்னேன். அது பொய். நீங்கள் ஸ்ரீசிட்டிக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனபின், என் உதடு அடிக்கடி வீங்க ஆரம்பித்தது. முதல் தடவை, முந்தின நாள் துன்ன கத்தரிக்காய்தான் காரணம் என்று அதை விட்டேன். அடுத்த தடவை கருவாடு, அப்புறம் வேர்க்கடலை. கடைசியில் மோர்ச்சோறுதான் மிச்சம்.

பக்கத்துத் தறிக்காரர், "இன்னாண்ணா, தேனீகிட்ட முத்தம் வாங்கினு வந்தியா?" என்றார். நானும் சிரித்தேன். தெருமுனை கிளினிக்கில் அலர்ஜி ஊசி போட்டார்கள். வீக்கம் அதன் இஷ்டத்துக்குத்தான் வடிந்தது.

போன மாசம் ஒருநாள் விடியும்போது நாக்கே தடித்திருந்தது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நகரியில் திருப்பதி பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "கூட யார் வந்துக்கீறாங்க?" என்று கேட்டார். பேச்சு வரவில்லை. யாருமில்லை என்று தலையாட்டினேன். மூச்சு நின்றுபோனால் உங்கள் நம்பரைச் சொல்லக்கூட ஆளில்லையே என்று அப்போதுதான் பயம் வந்தது.

டாக்டரம்மா டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். "துரத உந்தா நைனா, அரிக்குதா?" இல்லை. "தோல்ல தடிப்பு?" அதுவும் இல்லை. "தினம் ஏதாவது மாத்திரை?" அதற்கும் கையை விரித்தேன். நைனா என்று நேரில் யாராவது கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

ஊசி போட்டுப் படுக்கவைத்து, என் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் நாக்கு கொஞ்சம் இளகியது. காலையில் போடாதது ஞாபகம் வர, சட்டைப் பையிலிருந்து பிபி மாத்திரையை எடுத்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது இன்னா?"

தாளில் எழுதிக் காட்டினேன்: பிபி. ஒரு வருஷமா.

"இதை மாத்திரைன்னு சொல்லமாட்டீங்களா?"

பல் விளக்குவதுபோல தினம் செய்வதை நான் மருந்தில் சேர்க்கவில்லை.

"சிலபேருக்கு இந்த மாத்திரையே வீக்கம் குடுக்கும், மாசக்கணக்கா சும்மா இருந்துட்டுக்கூட. அதான் அரிப்பில்ல, அலர்ஜி ஊசிக்கும் கேக்கல. இனிமே இதைத் தொடாதீங்க. பிபிக்கு வேற எழுதறேன்."

மறுநாள் வீக்கம் வடிந்ததும் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, புடவைப் பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டினேன். எனக்கு ஆகாத அந்த மாத்திரையின் பெயரையும், கீழே உங்கள் இரண்டு பேர் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதினேன். மை காயும்வரை ஊதிவிட்டு, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன்.