கட்டுநாயக்கவிலிருந்து மத்தளவுக்கு எவ்வளவு தூரம்?

காலை ஆறு மணிக்கு வேனில் வந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினோம். பூனாகலையிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தவர்களுக்குப் பை நீட்டியே என் கை ஓய்ந்துவிட்டது. வேனில் பதினான்கு பேர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆள் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தால் எங்கள் பக்கத்தில் அந்த லயமே கூட்டிவரப் புறப்படும், வேண்டாமென்றால் கோபித்துக்கொள்ளும்.

வரவிருந்தவள் என் தங்கை செல்வி. நான்கு வருடம் குவைத்தில் வீட்டுவேலை. போன அன்று ஏஜென்சி வேனில் இடமில்லை என்றார்கள். துணைக்கு ஒருவரும் போகவில்லை. மகள் பவிக்கு அப்போது இரண்டு வயது. “திரும்பி வர்றப்ப அவ தனியா வரக்கூடாது” என்று செல்வியின் புருஷன் ராஜு அன்றைக்கே சொல்லிவிட்டான். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும்.

ஏழரை மணிக்கு ராஜுவின் போன் அடித்தது. செல்விதான்.

“வெளிய வந்துட்டேங்க. எங்க நிக்கிறீங்க?”

“வாசல்லதான். செவப்புச் சட்ட போட்டிருக்கேன், பாரு.”

“இங்க ஆளே இல்லீங்களே. ஒரு நாய்தான் படுத்திருக்கு.”

எங்களைச் சுற்றியோ கால் வைக்க இடமில்லாத கூட்டம். போனை வாங்கி, எந்த ஏர்போர்ட் என்று கேட்டேன்.

“மத்தளண்ணே. நமக்கு அதானே கிட்ட?”

நாளையும் நேரத்தையும் ஆளாளுக்குப் பத்துத் தடவை கேட்டிருந்தோம். எந்த ஏர்போர்ட் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்தில் ஏர்போர்ட் என்றால் கட்டுநாயக்கதான். பதுளையில் பாடம் நடத்தும் எனக்கும் அப்படித்தான்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று என் போனில் தேடினேன். நூற்றெழுபது கிலோமீற்றர் என்றது. ராஜு உடனே வேனில் ஏறிவிட்டான்.

டிரைவர் ஃபாசில் எட்டிப் பார்த்தார். “சார், இது பிளேன் போற தூரம். ரோட்டுல எரநூத்தம்பதுக்குக் கொறையாது. அங்கருந்து வீட்டுக்கு இன்னும் ஒரு நூறு இருக்கு.”

“அங்கேயே இரு செல்வி, வர்றோம்” என்று ராஜு கத்தினான்.

“வேணாங்க, நீங்க வர்றதுக்குள்ள நான் ஊருக்கே போயிருவேன். புள்ளைய அலைக்கழிக்காதீங்க. நேரா திரும்புங்க.”

அதோடு தொடர்பு அறுந்தது. விமான நிலையத்து வைஃபையில் பேசியிருக்கிறாள். அங்கிருந்து நகர்ந்தால் அவள் போன் வேலை செய்யாது.

அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை. வெயில் கொளுத்தியது. இரத்தினபுரியில் தேநீருக்கு நிறுத்தியபோது, “நான் கேக்கணும்னுதான் நெனச்சேன்” என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ராஜு வேனை விட்டு இறங்கவே இல்லை. பவி அவன் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

மாலை நான்கு மணிக்குப் பூனாகலைச் சந்தி. பஸ் அதோடு சரி. லயத்துக்கு இன்னும் இரண்டு மைல் மேலே ஏற வேண்டும். கடையோரத்தில் பெட்டியைப் போட்டு, அதன் மேல் செல்வி உட்கார்ந்திருந்தாள். நன்றாக இளைத்திருந்தாள். மத்தியானமே வந்துவிட்டாளாம். எத்தனையோ ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டும் அசையவில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

“ஏம்மா, மேல போயிருக்கலாமே?” என்றேன்.

“தனியாப் போய் எறங்கக் கூடாதுண்ணே. நீங்கல்லாம் வந்து கூட்டிட்டுப் போகத்தானே ஒக்காந்திருக்கேன்.”

ராஜு வேனுக்குள் நகர்ந்து இடம் விட்டான். அவள் ஏறி, தூங்கும் மகளின் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு மைலும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போனேன்.