நீரா, நீ ரா

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு தெலுங்குக்காரப் பெண் "ரா, ரா" என்று குழந்தையை அழைத்தாள். எனக்குச் செல்வி அக்காவின் நினைவு வந்தது.

புதுப்பட்டினத்தில் அக்கா தமிழும் தெலுங்கும் கலந்து பாட்டுக் கட்டுவாள். உப்புக்காற்றில் நமுத்துப்போன நோட்டில் ஒருநாள் எழுதியிருந்தாள்: "அலையே, நீ வெறும் நீரா? இல்லையென்றால் நீ ரா!"

அப்பா அதை என்னிடம் நீட்டினார். "இன்னாடி இது, ரா?"

"தெலுங்குல வான்னு அர்த்தம், நைனா," என்றேன் பெருமையாக. எனக்கு ஒன்பது வயது.

"எவன கூப்டுகினு கீற?" என்று அக்காவை அறைந்தார்.

"கடலத்தான், நைனா..."

அவர் நம்பவில்லை. நோட்டு அடுப்புக்குப் போனது. பள்ளிக்கூடம் நின்றது. இரண்டே மாதத்தில் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

நடைமேடையிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். "இப்பவாவது பாட்டு எழுதேன், அக்கா."

"பாட்டா? நானா? வேற யாரையோ நெனச்சுகினு பேசுற," என்று சிரித்தாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தாள்.