காலியான கூஜா

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே படுத்திருக்க வேண்டும், எழுந்து உட்கார அவசரப்படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவர்தான். அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கோ சர்க்கார் வேலை. இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்த்திருந்தேன்.

பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப் போகிறேன் என்றதும் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பீரோவைப் பூட்டு, வெள்ளிச் சாமானைப் பரணில் ஏற்று, சாவியைக் கையோடு எடுத்துப் போ. வருகிறவளுக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கத் தெரியுமா, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் காலனியில் பாதுகாப்பு என்றால் அது பாத்திரங்களுக்குத்தான்.

முதலில் ஓர் ஏஜென்சி மூலம் கட்வால் பக்கத்து மலைப்பெண் ஒருத்தி வந்தாள். வெள்ளைப் புடவை, சுத்தமான வேலை, அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் ஹிந்திதான். அம்மா தில்லிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவளுடைய ஹிந்தி காய்கறி வண்டியைத் தாண்டியதில்லை. விலை கேட்பாள், 'நஹி சாஹியே' என்று வேண்டாததைத் தள்ளுவாள், கொசுறாகக் கொத்தமல்லி வாங்குவாள். எங்கே வலிக்கிறது என்று சொல்ல இந்த ஹிந்தி போதுமா என்று ஆபீஸில் உட்கார்ந்து பயந்துகொண்டே இருந்தேன். "பாவம், பாஷை தெரியாத பொண்ணு" என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். நான் அதையே புகாராக எடுத்துக்கொண்டு அவளை நிறுத்திவிட்டேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாங்கள் காப்பிப்பொடி வாங்கும் கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன். அவர் அனுப்பியவள் சேலம் பக்கத்துக்காரி. ஜுக்கிக் குடிசையில் குடியிருந்து வீட்டு வேலை செய்துவந்தவள். நோயாளியைப் பார்த்துப் பழக்கமில்லை. தமிழ் பேசினாள், எனக்கு அது போதுமாக இருந்தது. வந்த அன்றே அவளும் அம்மாவும் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். நானும் நிம்மதியாக ஃபைல் பார்க்கலானேன்.

மே மாதம் வந்தது. தில்லியின் அனல்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கிளம்புமுன் கட்டிலருகே ஸ்டூலில் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் வைப்பேன். சாயங்காலம் வந்து பார்த்தால் காலியாக இருக்கும். எனக்குப் பரம திருப்தி. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தால் அம்மா டம்ளர் டம்ளராகக் குடிப்பாள். பெற்ற பெண் பக்கத்தில் இருக்கிற சந்தோஷம் என்று நினைத்துப் பூரித்தேன். காலனியில் செடியெல்லாம் கருகிக் கிடக்க, எங்கள் ஜன்னலில் வனஸ்பதி டின்னில் இருந்த துளசி மட்டும் செழித்து நின்றது. அதைப் பார்த்தும் என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

ஒரு நாள் அம்மாவுக்குக் குளிர்ஜுரம் கண்டது. வந்த டாக்டர் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளியது கிள்ளியபடி நின்றது. உடம்பில் தண்ணீரே இல்லை, அதனால்தான் சிறுநீரில் கிருமி, இப்படியே விட்டால் ஆளே தங்கமாட்டாள் என்று என்னைக் கடிந்துகொண்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். டாக்டர் படியிறங்குவதற்குள் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். கூஜாத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"அம்மாதாங்க்கா செடிக்கு ஊத்தச் சொல்லுவாங்க. நாக்கு நனையற அளவுக்குத்தான் குடிப்பாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்டவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஆசாரம்தான் காரணம் என்று நினைத்து அம்மாவிடமும் கத்தினேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தண்ணி குடிச்சா பெட்பேன் கேக்கணும். இவகிட்ட எப்படிடீ கேப்பேன்?"

மலைப்பெண்ணிடம் மட்டும் கேட்டாயே என்றேன்.

"அது வேத்து மனுஷி. நான் யாருன்னே அதுக்குத் தெரியாது. இவகிட்ட என் கல்யாணக் கதையெல்லாம் சொல்லிண்டிருக்கேன். இவ முன்னாடி போய்..." அழுதாள்.

பாதுகாப்பு என்று நான் தேடிப் பிடித்து வந்த தமிழ்தான் அவளை அத்தனை நாள் தாகத்தில் போட்டிருந்தது. மறுநாள் காலை ஏஜென்சிக்கு ஓடினேன். மலைப்பெண் வேறு வீட்டுக்குப் போய்விட்டாளாம். வெறுங்கையோடு திரும்பி, ஆபீஸுக்கும் மட்டம் போட்டுவிட்டுச் சமையலறையில் நின்றிருந்தேன்.

முந்தின நாள் பேச்சையெல்லாம் கேட்டிருந்த அந்தப் பெண் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. டம்ளரை நீட்டி, அம்மா முழுவதும் குடிக்கும்வரை நகராமல் நின்றாள். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தாள். பிறகு எழுந்து, வடக்கத்திப் பெண்களைப் போல முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டாள். பெட்பேனை எடுத்து வந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, அதுவரை நான் கேட்டிராத குரலில் கேட்டாள்.

"மாஜி, பெட்பேன் சாஹியே?"

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாஹியே" என்றாள் அம்மா.

எல்லாம் முடிந்து, அவள் கையைக் கழுவி, தலை முந்தானையைத் தள்ளிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். "அப்புறம் அந்த மாப்பிள்ளை வூட்டுக்காரங்க என்னம்மா சொன்னாங்க?" என்று தமிழில் கேட்டாள். அம்மா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

அம்மா நடமாடும்வரை அந்த வீட்டில் இப்படித்தான் நடந்தது. ஜன்னல் துளசி அந்த வாரமே வாடத் தொடங்கியது. துளசி வாடியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.