வெதுவெதுவென்றிருந்த ஆம்ப்ளிஃபயர்

பழைய ஆம்ப்ளிஃபயர் விற்பவர்களின் தந்திரம் ஒன்று எனக்குத் தெரியும். நாம் போவதற்கு முன்பே அதை ஓடவிட்டுச் சூடாக்கிவிடுவார்கள். குளிர்ந்திருக்கும்போது வரும் கரகரப்பு அப்புறம் கேட்காது.

நான் ஒரு வருடமாக ஆசைப்பட்ட உயர்ரக ஆம்ப்ளிஃபயர் பாதி விலைக்கு வந்திருந்தது. ஏற்காடு பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஷகிலா அக்காதான் அதை விற்பவர்; அவர் வீட்டுக்குச் சேலத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். அலமாரியில் இருந்ததைத் தொட்டால் வெதுவெதுவென்றிருந்தது.

“காலையிலிருந்தே ஓடுதாக்கா?” என்றேன் குத்தலாக.

“ஏனுங்க தம்பி, இட்லியாட்டம் தொட்டுப் பாக்கறீங்க? ஒயரு கீழ கெடக்குது பாருங்க.”

பிளக் தரையில்தான் கிடந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு குண்டு பல்பு எரிந்தது.

“இங்க ஈரம் நொம்பங்க. பல்பு போடலீன்னா உள்ள பூஞ்சை புடிச்சிரும்.”

அப்போதும் நம்பவில்லை. பாட்டுப் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து இரைச்சலைத் தேடினேன். துளியும் இல்லை.

“வாங்கிக்கறேன்க்கா.”

“சந்தோசமுங்க. பாட்டு எப்படி இருந்துச்சு?”

பாடியது ஆணா பெண்ணா என்றுகூட நான் கவனித்திருக்கவில்லை. பாட்டுக் கேட்கத்தானே இதை வாங்க வந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தை விட்டு, அதையே மறுபடி போடச் சொல்லி நாற்காலியில் சாய்ந்தேன்.

பாடியது ஒரு பெண்.