குமேயுவில் ஒரு வரிசைத் திராட்சை

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, காலை 8.10. ஆக்லாந்தின் தெற்கே மனுரேவாவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து, பக்கத்து வீட்டு ரவி அண்ணனின் பழைய காரில் கிளம்பினோம். லேசான தூறல். ஆக்லாந்தின் ஒயின் தோட்டங்களைப் பார்க்க வருகிறவர்கள் கோடையில், கேமராவோடு வருவார்கள். இங்கே ஜூலை குளிர்காலம்; நான் அந்த நடுக்குளிரில் போனேன். மடியில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எல்லாவற்றையும் லேமினேட் செய்து அடுக்கிய ஃபைல். கணினி வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. விசா முடிய இருபத்துமூன்று நாள். அதற்குள் ஒரு முதலாளி 'இவருக்கு வேலை தருகிறேன்' என்று கடிதம் கொடுக்காவிட்டால், நானும் மனைவி மீனாவும் இங்கே பிறந்த நாலு வயது மகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

யோசனை மீனாவுடையது. "கம்பத்துல பொறந்துட்டுத் திராட்சை வேலை தெரியாதுன்னா யாரு நம்புவா? போய்க் கேளுங்க" என்றாள். பள்ளி விடுமுறைகளில் எங்கள் ஊரில் அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் கிளைகளை நறுக்கி நான் கவாத்து செய்தது உண்மை. அதன் பிறகு பொறியியல், சென்னை, விமானம். ஆனாலும் மனம் அதைப் பிடித்துக்கொண்டது. ஒடாஹுஹுவில் பழைய சாமான் கடையொன்றில் இரண்டு டாலருக்கு ஒரு கையேடு கிடைத்தது. ஆக்லாந்து ஒயின் தோட்டங்கள் அத்தனைக்கும் வரைபடம், முகவரி, அரைப் பக்கக் குறிப்பு. சுற்றுலாக்காரர்களுக்கு எழுதிய புத்தகத்தை வேலை தேடும் பட்டியலாக எடுத்துக்கொண்டேன்.

காலை 9.00, ஹென்டர்சன். முப்பத்துமூன்று கிலோமீட்டர். கையேட்டின் முதல் தோட்டம் இருந்த இடத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள். இரண்டாவது, டயர் கடை. மூன்றாவது முகவரியில் ஒரு வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். இங்கே திராட்சை இருந்ததா என்று கேட்டதற்கு எங்களை விநோதமாகப் பார்த்தார்.

ரவி அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் எனக்காக வந்திருந்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"தம்பி, இது எப்ப அடிச்ச புத்தகம் எண்டு பாத்தனீரே?"

"பாக்கலண்ணே."

"இருவத்திரண்டு வருசம். நான் இந்த நாட்டுக்கு வர முந்தி அடிச்சது."

எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

காலை 10.20, குமேயு. வடமேற்கே இன்னும் பதினாறு கிலோமீட்டர். நான்காவது தோட்டம் இருந்தது, கண்ணாடிச் சுவரும் மரத் தளமுமாகப் பெரிதாகவே இருந்தது. ஆனால் உள்ளே யாரிடமும் பேச வேண்டுமானால் சுவை பார்க்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஐந்து ஒயினுக்குப் பதினைந்து டாலர். நான் குடிப்பதில்லை. அண்ணன் கார் ஓட்ட வேண்டும். காசு கட்டி வாங்கிய ஐந்து கோப்பைகளும் தொடாமல் நிற்க, அவற்றுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்ணிடம் ஃபைலை நீட்டினேன். அவள் என் பத்தாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணை மரியாதையோடு பார்த்துவிட்டு, தொடர்புகொள்கிறோம் என்றாள். அந்த வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது இரண்டு மாதத்தில் எனக்குப் பாடமாகியிருந்தது. காரில் உட்கார்ந்து மீனா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம்.

மதியம் 1.15. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்த ஒரு சிறிய குடும்பத் தோட்டம். கடை மூடியிருந்தது. கொடி வரிசைகளுக்குள் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மழைக்கோட்டோடு தனியாகக் கவாத்து செய்துகொண்டிருந்தார். அவர்தான் முதலாளி, பெயர் ஜூடித். வேலையாள் முதுகு பிடித்துப் படுத்துவிட்டாராம், இனி வர மாட்டாராம். நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். விசாவுக்குக் கடிதம் கொடுப்பதிலும் அவருக்குத் தடையில்லை.

கவாத்து தெரியுமா என்று கேட்டார். "இருபது வருட அனுபவம்" என்று வாய் தானாகச் சொன்னது. அவர் ஒரு கொடியைப் பிடித்துக் காட்ட ஆரம்பித்தார். நான் தெரியும் தெரியும் என்று தலையாட்டிக் கத்தரியைக் கையில் வாங்கிக்கொண்டேன். தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்பது நம் ஊர் இன்டர்வியூவில் ஏறிய பயம், அது இன்னும் இறங்கவில்லை. அவர் சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

கம்பத்தில் ஒவ்வொரு கிளையிலும் நாலு கண், அதாவது மொட்டு, விட்டு மிச்சத்தை நறுக்குவோம். அப்படியே நறுக்கினேன். கை எதையும் மறந்திருக்கவில்லை. அரை மணி நேரத்தில் ஏழு கொடிகள். மழையில் நனைந்துகொண்டு, பல வாரங்களுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்.

"கெட்டிக்காரன்! என்ன வேகமா வெட்டுறீர்!" என்றார் ரவி அண்ணன்.

ஜூடித் மூன்று கோப்பைகளோடு திரும்பி வந்தார். முதல் கொடியின் முன் நின்றார். இரண்டாவதைப் பார்த்தார். ஏழாவது வரை நடந்து போய்விட்டு வந்தார். கோப்பைகளைத் தூணின் மேல் வைத்தார். கத்தவில்லை. தன் வரிசையிலிருந்த கொடியைக் காட்டினார். அதில் சென்ற வருடத்து நீளக் கிளைகள் இரண்டை முழுதாக விட்டு, கம்பியில் கட்டி, மற்றதையெல்லாம் வெட்டியிருந்தார். இந்தக் குளிர்த் தோட்டத்தில் அந்த நீளக் கிளைகளில்தான் காய் பிடிக்கும். நான் கொடிக்குக் கொடி முதலில் நறுக்கித் தள்ளியது அவற்றைத்தான்.

கற்றுக்கொள்கிறேன் என்றேன். போன ஆளும் ஒன்றும் தெரியாமல்தான் வந்தார் என்றார் ஜூடித். தெரியாது என்று முதலிலேயே சொன்னார், ஒரே நாளில் சொல்லிக் கொடுத்தேன், உனக்கும் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்றார். இருபது வருடம் என்று சொன்ன ஆளை எப்படித் தனியாக விட்டுப் போவது, எப்படிக் கடிதம் கொடுப்பது என்று கேட்டார். கேள்வியில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தேநீர் ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார். குடித்தோம்.

மாலை 3.30. திரும்பும் வழியில் சுரங்கச் சாலையைத் தாண்டினோம். பிறகு அண்ணன் சொன்னார், "அழுறதெண்டால் அழும் தம்பி. பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடும், முன் கண்ணாடி மங்குது." கண்ணாடியை இறக்கினேன். மழை உள்ளே அடித்தது.

வீட்டில் மீனா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த ஃபைலை வாங்கித் துடைத்தாள். கம்பத்தில் கவாத்து முடிந்தால் நாலு மாதத்தில் பழம். இங்கே மார்ச் வரை காத்திருக்க வேண்டும். மார்ச்சில் அந்த வரிசையில் யாராவது நடந்தால், ஏழு கொடிகள் மட்டும் பழமில்லாமல் வெறும் இலையோடு நிற்பதைப் பார்ப்பார்கள். இந்த நாட்டில் நான் விட்டுவிட்டுப் போகப்போவது அதுதான்.